விளாங்குடி முத்திருளன் நாடு மாறிய வரலாறு

"முத்திருளன் விசில் குடுத்த வண்டி ரிவர்ஸ் எடுத்ததாச் சரித்திரமே கிடையாது. நான் கிளம்புனா கிளம்புனதுதான். என்னைத் திரும்ப இழுக்க இந்த மதுரையில ஒரு துரும்பு கூட இல்லை!"

இந்த முழக்கம் கேட்டது ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், அதுவும் ஒலிபெருக்கியில். ஆகவே காதில் விழவில்லை என்று பிற்பாடு யாரும் சாதிக்க முடியவில்லை. தேனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். கொய்யாப்பழக் கூடைக்காரர்கள் கேட்டார்கள். கோயம்புத்தூர் வண்டிக்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், துண்டை அந்தரத்தில் பிடித்தபடியே கேட்டார்.

டைம் கீப்பர் முத்திருளன் பணி ஓய்வு பெற்ற நாள் அது. கழுத்தில் மாலைகள். தோளில் பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. முப்பது வருடத்துக்கு மேலாக அவர் அந்த நிலையத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி வரும் நேரத்தைக் குறித்து, போகும் நேரத்துக்கு விசில் அடித்து, பாதித் தமிழ்நாட்டை ஊர் ஊராக அனுப்பிவைத்தவர். அவர் விசில் அடித்துவிட்டால், "அண்ணே, ஒரே ஒரு நிமிஷம், வீட்டுக்காரி பாத்ரூம் போயிருக்கா" என்று கெஞ்சுகிற கணவன்மார்களால்கூட வண்டியை நிறுத்த முடியாது. இத்தனை ஆயிரம் பேரை வெளியூர் அனுப்பிய அந்த மகான், தான் மட்டும் திருச்செந்தூரைத் தாண்டியதில்லை. ஓய்வு பெறுகிற நாளில் அந்தக் கணக்கை ஒரேயடியாக நேர் செய்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் மைக்கைப் பிடித்தார். வெளிநாட்டுக்குப் போய், மிச்ச காலத்தை அங்கேயே கழிக்கப்போகிறாராம்.

கூட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. அவரோடு கூடவே ஓய்வு பெற்ற டிரைவர் இம்மானுவேலின் குரல்.

"எந்த நாடு மாப்ள?"

"அது இன்னும் முடிவாகலை. போறது முடிவாயிருச்சு."

கூட்டம் கை தட்டியது. வண்டி எங்கே போகிறது என்று தெரியாமலே விசில் அடித்த முதல் டைம் கீப்பரை அவர்கள் அன்றுதான் கண்டார்கள்.

மறுநாள் காலை முதல் விளாங்குடி வீட்டின் டிவி, ஐக்கிய நாடுகள் சபையாக மாறியது. மருமகன் சூரியபிரகாஷ் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி அது. அதில் யூடியூப் போட்டு, குறைந்த செலவில் வாழத் தகுந்த நாடுகளை முத்திருளன் ஒவ்வொன்றாக வரவழைத்து விசாரித்தார். எல்லோரும் ஒரு நாட்டின் கடற்கரையைப் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரியைப் பார்ப்பார்கள், வீட்டு வாடகையைப் பார்ப்பார்கள். அவர் முதலில் பார்த்தது பஸ் ஸ்டாண்டை.

ஜப்பானில் ஒரு பஸ் இரண்டே இரண்டு பேரோடு, நொடி பிசகாமல் கிளம்பிப் போனது. முத்திருளன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"செல்வி, இங்க வா! ஆளே ஏறலை. இருந்தாலும் வண்டிய எடுத்துட்டான்!"

அவர் மனைவி தமிழ்ச்செல்வி, கையில் உரித்த பூண்டோடு வந்து பார்த்தார். "ஏங்க, ஏதாச்சும் கோளாறா இருக்குமோ?"

"கோளாறு இல்லடி. ஒழுங்கு!" அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் ஜப்பானில் ஒரு தர்பூசணி விற்கிற விலையைப் பார்த்த பிறகு, அந்த நாட்டைத் தூரத்தில் இருந்தே கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

பனாமாவில் கப்பல் படியேறுவதைப் பார்த்தார். தண்ணீரை நிரப்பி நிரப்பி, மூன்று மாடி உயரக் கப்பலை மேலே தூக்கி, அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறார்கள். அன்று அவர் மதியச் சாப்பாட்டை மறந்தார். மாலையில் வந்த இம்மானுவேலுக்கும் போட்டுக் காட்டினார். டிரைவர் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி பார்த்துவிட்டு, சுதாரித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரிதான் மாப்ள. வாய்க்காப் பாசனம் உனக்கு எதுக்கு? உன்கிட்ட ஏது கப்பலு?" பனாமா விழுந்தது.

போர்ச்சுகலைத் தமிழ்ச்செல்வி விழுத்தாட்டினார். "அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒரு கல்யாணம் காட்சின்னா எப்படிங்க வந்து போறது?"

"வந்து போறதே கிடையாதுங்கிறேன். நீ வந்து போற கணக்கையே போட்டுக்கிட்டு இருக்க."

இலங்கை பக்கத்தில் இருந்தது. பேச்சும் புரியும். "அதனாலதான் வேணாங்கிறேன்" என்றார் முத்திருளன். "பேசுறது பூராம் புரிஞ்சா மனுசன் எங்கிட்டு நிம்மதியா இருக்கிறது?" மலேசியாவில் அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் இருந்தார். இங்கே நடந்த காது குத்துக்குப் பத்திரிகை அனுப்பவில்லை என்று அங்கே வைத்துச் சட்டையைப் பிடிப்பார் என்பதால், அவ்வளவு பெரிய நாடு ஒரே ஓர் ஆளால் வாய்ப்பை இழந்தது.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு நாடுகள் வந்து நின்றன. ஜார்ஜியாவும் வியட்நாமும். ஜார்ஜியாவில் மலைகள் வெள்ளைவெளேரென்று, யாரோ இப்போதுதான் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனது போல நின்றன. வியட்நாமில் மலைகள் பச்சையாக இருந்தன. அவற்றின் காலடியில் கடல் கிடந்தது. நாகமலையின் மொட்டைப் பாறையைப் பார்த்தே வளர்ந்த முத்திருளனுக்கு, மலை என்பது இத்தனை நிறத்தில் கிடைக்கும் என்பதே புதுச் செய்தி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு வியட்நாம் பணத்தின் கணக்கு ஒன்று கண்ணில் பட்டது. கால்குலேட்டரைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.

"செல்வி, என் பென்ஷன் அந்த ஊர்க் காசுல மாசம் ஒரு கோடிடி!"

தமிழ்ச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். இருவரும் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளாங்குடியில் மாதம் ஒரு கோடி வாங்குகிறவர்கள் யாரும் அதுவரை அந்தத் தெருவில் குடியிருந்ததில்லை.

"அங்க ஒரு காபி எம்புட்டுங்க?"

"அதுவும் ஆயிரக்கணக்குலதான் இருக்கு. நீ ஏன் அதைப் பத்திப் பேசுற?"

நாடு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தமிழ்ச்செல்வி அழவில்லை, பிறந்த வீட்டுக்குப் போன் போடவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"வாரேன். ஆனா கருப்பும் வரணும்."

கருப்பு என்றது, செக்கானூரணிக்கு மேற்கே, ஒரு கண்மாய்க் கரையில், நட்டுவைத்த அரிவாள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும் கருப்பசாமியை. அவர்கள் குடும்பத்துக்குக் குலதெய்வம். அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் பிழைப்புக்காக எங்கே குடிபெயர்ந்தாலும், சாமியைத் தனியே விட்டுவிட்டுப் போவதில்லை. சாமி நிற்கிற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோவார்கள். போன இடத்தில் அதை இறக்கி, மேலே ஒரு கல்லை நட்டுவிட்டால் அங்கேயும் கருப்பு காவலுக்கு நின்றுவிடும். அதற்குப் பிடிமண் என்று பெயர். சூரத்துக்கு முறுக்கு வியாபாரத்துக்குப் போனவர்களின் எண்ணெய்ச் சட்டிகளுக்குப் பின்னால்கூட ஒரு கருப்பு நிற்பதாகச் சொல்வார்கள்.

முத்திருளன் பெருந்தன்மையோடு சம்மதித்தார். "அரைக் கிலோ மண்ணு. பிளேன்ல கையில ஏழு கிலோ வரைக்கும் கொண்டுபோக விடுறான். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை பெருசாக் கிடையாது. உனக்காக வாரேன்."

பூசாரி விருமாண்டி அவருக்குப் பங்காளி முறையில் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறவில்லை. வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, ஒரு வெளியுறவுத்துறைச் செயலாளரின் நிதானத்தோடு விசாரணையைத் தொடங்கினார்.

"அந்த நாட்டுல கெடா கிடைக்குமாடா?"

"கிடைக்கும்ணே. அங்க ஓடுறது, ஊர்றது, பறக்குறது எல்லாம் சாப்பிடுறாக."

"அப்பச் சாமிக்கு ஒத்துப்போகும்." விருமாண்டி திருப்தியாகத் தலையசைத்தார். "பாசை?"

"கருப்புக்கு என்னண்ணே பாசை?"

"கருப்புக்கு இல்லடா. அங்க கருப்பு எவன் மேலயாச்சும் இறங்கிக் குறி சொன்னா, கேக்குறவனுக்குப் புரியணும்ல?"

இந்தச் சிக்கலுக்கு அன்று தீர்வு கிடைக்கவில்லை. சாமியிடமே கேட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வழக்கமாக வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். முத்திருளன் குறுக்கே புகுந்து, வெள்ளை என்றால் வியட்நாம், சிவப்பு என்றால் ஜார்ஜியா என்று மாற்றிவைத்தார். போக வேண்டாம் என்று சொல்வதற்குச் சாமிக்குப் பூவே கொடுக்கவில்லை. விருமாண்டி கண்ணை மூடி எடுத்தார். வெள்ளை. கருப்பசாமி வியட்நாமை அங்கீகரித்த செய்தி அன்று எந்தத் தலைநகருக்கும் எட்டவில்லை. ஆனால் கண்மாய்க் கரையில் குலவைச் சத்தம் கேட்டது.

மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து முத்திருளனின் இரண்டு கைகளிலும் வைத்தார் விருமாண்டி.

"கேட்டுக்க. போற வழியில இது தரையில படக்கூடாது. மேசை, பெஞ்சு எதுலயும் வைக்கக்கூடாது. எந்த இடத்துல வைக்கிறியோ, சாமி அங்கனயே நின்னுக்கிரும். அப்புறம் எவன் தூக்குனாலும் வராது. போடிக்குப் போனானே நம்ம சடையன் வகையறா, வழியில டீ குடிக்கப் பெஞ்சுல வச்சாங்கெ. இன்னமும் அந்த டீக்கடைக்குப் பின்னாலதான் கெடா வெட்டிக்கிட்டு இருக்காங்கெ."

"கை மாத்தலாமாண்ணே?"

"கை மாத்தலாம். தரை தொடக்கூடாது."

இதற்குள் விளாங்குடி முக்கில் பிளெக்ஸ் எழும்பிவிட்டது. 'வியட்நாம் நோக்கி விளாங்குடியின் வேங்கை!' என்று மேலே கொட்டை எழுத்து. முத்திருளனின் கல்யாணப் போட்டோவில் இருந்து தலையை எடுத்து, யாரோ ஒருவருடைய கோட்டு சூட்டுக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். பிளெக்ஸ் கடையில் வெளிநாடு என்றால் ஈபிள் கோபுரம் மட்டும்தான் இருந்தது. ஆகவே பின்னால் ஈபிள் கோபுரம். கீழே வாழ்த்துவோர் வரிசையில் ஐம்பது தலைகள். அந்தத் தலைகளில் பலருக்கு, வாழ்த்துகிற விஷயமே பிளெக்ஸைப் பார்த்துத்தான் தெரியும்.

பிளெக்ஸ் வைத்தாகிவிட்டது என்றால் மதுரையில் அதற்கு மேல் பேச்சில்லை. சூரியபிரகாஷ் மட்டும் மெதுவாக, "மாமா, ஒரு மாசம் இருந்து பார்த்துட்டு வாங்க. பிடிச்சிருந்தா அப்புறம் மத்ததை எல்லாம் பாக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தார். விசாவும் ஒரு மாதத்துக்குத்தான் கிடைத்திருந்தது.

"அது கவர்மெண்டுக்குச் சொன்ன கணக்கு மாப்ள. உள்ள போயிட்டா மேற்கொண்டு நான் பார்த்துக்கிருவேன்."

உண்மையில் அவருக்கு உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் திரும்பி வந்தால், அந்த முக்கைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போக வேண்டும்? டீக்கடையில் ஐம்பது தலைகளும் உட்கார்ந்திருக்குமே! வாழ்நாள் முழுக்க ஒரு விசிலின் மரியாதையில் வாழ்ந்த மனிதருக்கு, போன வேகத்தில் திரும்பி வருவதைவிட, வியட்நாமில் கருவாடு விற்றுப் பிழைப்பது கௌரவமாகத் தோன்றியது.

இம்மானுவேலும் மனைவியோடு கிளம்பிவிட்டார், ஒரு வாரச் சுற்றுலாவாக. "நீ ரிவர்ஸ் எடுக்கிறியா இல்லையான்னு பக்கத்துல இருந்து பாக்கணும்ல மாப்ள? இல்லைன்னா அங்க நடந்ததை நீ உன் இஷ்டத்துக்கு மாத்திச் சொல்லிருவ."

திருச்சியில் விமானம். காரில் முன் சீட்டில் முத்திருளன், மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி கருப்பசாமி. மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் டீக்கு நிறுத்தினார்கள். மற்றவர்கள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை, கார் ஜன்னல் வழியாக தமிழ்ச்செல்வி டீயை ஊட்டிவிட்டார். ஊருக்கே வண்டி விட்டவர், ஒரு குழந்தையைப் போல வாயைத் திறந்து குடித்தார். இம்மானுவேல் போட்டோ எடுத்துக்கொண்டார்.

திருச்சி விமான நிலையத்தில் முதல் நெருக்கடி வந்தது. கையில் இருப்பதை ஸ்கேன் பண்ணுகிற பெல்டில் வைக்கச் சொன்னார்கள். முத்திருளன் வரிசையை விட்டு விலகி விருமாண்டிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் முதலில் ஒரு கேள்வி வந்தது. பிறகு தீர்ப்பு வந்தது.

"அந்த பெல்ட்டு ஓடிக்கிட்டே இருக்குமாடா?"

"ஆமாண்ணே."

"ஓடுறது தரைக் கணக்குல வராது. நிப்பாட்டாம மட்டும் பார்த்துக்க."

பெல்டின் அந்தப் பக்கத்தில் இம்மானுவேலை முன்கூட்டியே நிறுத்திவைத்தார்கள். மஞ்சள் முடிச்சு வெளியே தலைகாட்டியதும், முப்பது வருடம் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் பிடித்த அந்தக் கைகள் பாய்ந்து அதைத் தூக்கின. பாதுகாப்புப் படைக்காரர் துணியைத் தொட்டுப் பார்த்து, "என்ன இது?" என்றார். "கருப்பசாமி சார்" என்றார் இம்மானுவேல், கழுத்தில் சிலுவையோடு. படைக்காரர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

நடுவில் சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். அந்த விமான நிலையத்துக்குள் அருவி கொட்டுவதாக முத்திருளன் டிவியில் பார்த்திருந்தார். அவர்களுக்குக் கிடைத்த வழியில் அருவி வரவில்லை. ஆனால் தரைக்குக் கம்பளம் விரித்திருந்தது. நடக்க வேண்டாதபடி தரையே நகர்ந்தது. குழாய்க்குக் கீழே கையைக் காட்டினால் தண்ணீர் தானாகக் கொட்டியது. அதைக் கண்டுபிடித்தது அவர் அல்ல, இம்மானுவேல். ஏனென்றால் முத்திருளனுக்கு இரண்டு கையும் ஒழிவில்லை. பாத்ரூமுக்குள் போகும்போது சாமியை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது, இம்மானுவேல் அந்தப் பளபளப்பான கூட்டத்துக்கு நடுவே, முடிச்சை நெஞ்சுக்கு நேரே ஏந்தியபடி, நற்கருணை வாங்கப் போகிறவரைப் போல நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, ஆடாம அசையாம நிக்கிற?"

"பயமா இருக்குடா. என் கையில இருந்து விழுந்துச்சுன்னு வை, சிங்கப்பூர்ல வருசா வருசம் நான்ல கெடா வெட்டணும்!"

பிற்பகலில் விமானம் தா நாங் நகரத்துக்கு மேலே சாய்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வி ஒரு சத்தம் போட்டார். அது வார்த்தை இல்லை. முத்திருளன் குனிந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

மலை கடலுக்குள் இறங்கி நின்றது. தலை முதல் கால் வரை பச்சை. ஒரு பாறைகூடத் தெரியாத பச்சை. மேகம் அதன் மேல் அல்ல, அதன் இடுப்பில் கிடந்தது. கீழே கடல் ஓர் இடத்தில் நீலமாகவும் இன்னோர் இடத்தில் வெள்ளி போலவும் வளைந்து கிடந்தது. அதற்குள் சின்னச் சின்னதாகப் படகுகள், யாரோ வேண்டுமென்றே அடுக்கிவைத்தது போல. டிவியில் பார்த்தபோது அது படம். இப்போது அது இருந்தது. இத்தனை காலம் இது இங்கே இருந்திருக்கிறது. தான் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து, "தேனி, தேனி, பாயிண்டு டு பாயிண்டு" என்று கத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் இது இங்கே, ஒருவருக்கும் அறிவிக்காமல் இப்படியே நின்றிருக்கிறது.

"நாம இங்கனயே இருந்துருவோம்ங்க" என்றார் தமிழ்ச்செல்வி. அவர் திரும்பவே இல்லை. நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

இம்மானுவேலும் அவர் மனைவியும் முன்னால் போய், சோதனை எல்லாம் முடிந்து வெளிக் கண்ணாடிக் கதவுப் பக்கம் போய்விட்டார்கள். முத்திருளனும் தமிழ்ச்செல்வியும் கடைசியில் வந்தார்கள். இங்கேயும் பெல்ட் ஓடியது. ஓடுகிற பெல்ட்டைப் பற்றித்தான் ஏற்கனவே தீர்ப்பு வந்துவிட்டதே. ஆனால் இந்த முறை பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, ஒரு நடுவயதுப் பெண்மணி, கையைத் தூக்கினார். தமிழ்ச்செல்வி பெல்ட்டின் முனையில் முடிச்சை எட்டிப் பிடித்துக் கணவர் கையில் கொடுத்திருந்தார். அதிகாரி பக்கத்தில் இருந்த இரும்பு மேசையைக் காட்டி, அதில் வைக்கும்படி சைகை காட்டினார்.

முத்திருளன் வைக்கவில்லை.

இன்னொரு முறை காட்டினார். முத்திருளன் மஞ்சள் முடிச்சைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "நோ டேபிள். நோ டேபிள்" என்றார். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். சீருடைக்காரர்கள் இருவர் நெருங்கினார்கள். அந்தப் பெண் அவர்களைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, போனை எடுத்து நீட்டி, பேசுங்கள் என்று சைகை செய்தார். பேசினால் மொழிபெயர்க்கும் போன்.

முத்திருளன் போனுக்குக் குனிந்து, பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் அதே குரலில் சொன்னார்: "இது எங்க சாமி. எங்க ஊரு மண்ணு. கீழ வச்சா இங்கனயே நின்னுக்கிரும். அப்புறம் உங்க ஆபீசுல நீங்கதான் கும்பிடணும்."

போன் அதை அந்த ஊர்ப் பேச்சில் சொன்னது. என்ன சொன்னதோ! ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். முடிச்சைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்து, தலையைக் கொஞ்சமாகத் தாழ்த்தினார். பின்னால் நின்ற சீருடைக்காரர்களில் ஒருவரும் தாழ்த்தினார். மதுரைக்கு மேற்கே, கண்மாய்க் கரையில் வெயிலில் நிற்கிற சாமிக்கு, கடலுக்கு அந்தப் பக்கத்தில், பெயர் தெரியாத ஒருத்தி கும்பிடு போட்டதை முத்திருளன் தூக்கிய கையை இறக்காமலே பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் போனில் பேசினார். மிகப் பணிவாகத்தான் பேசினார். போன் தமிழில் சொன்னது: வெளிநாட்டு மண் இந்த நாட்டுக்குள் வர அனுமதி இல்லை. பயிர்களுக்கு நோய் வரும். இங்கே கொடுத்துவிட்டால் மரியாதையோடு எரித்துவிடுவோம். நீங்கள் உள்ளே போகலாம். கொடுக்க விருப்பம் இல்லை என்றால், அதை எடுத்துக்கொண்டு நீங்கள் வந்த வழியே திரும்பிப் போகலாம். மன்னிக்கவும்.

ஒரு சாம்பல் நிறத் தொட்டியை அந்தப் பெண் முன்னால் நகர்த்தினார். அதற்குள் யாரோ கொண்டுவந்த ஒரு மாங்காயும் வாடிய பூங்கொத்து ஒன்றும் கிடந்தன.

தமிழ்ச்செல்வி தொட்டியைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வெயிலில் நின்ற பச்சை மலையைப் பார்த்தார்.

"குடுத்துருங்க" என்றார் தாழ்ந்த குரலில். "அவுகளே கும்பிட்டுட்டுத்தான எரிக்கிறேங்கிறாக. கருப்பு கோவிக்காது. இங்க வந்து இம்புட்டையும் பார்த்துட்டு எப்படிங்க போறது? நீங்கதான உங்களுக்கு நம்பிக்கை பெருசாக் கிடையாதுன்னு சொன்னீக?"

உண்மைதான். அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். முத்திருளன் தொட்டிக்கு மேல் கையைக் கொண்டுபோனார். இரண்டு கைகளும் நன்றாகத்தான் நீண்டன. விரல்கள் மட்டும் விரியவில்லை. விரியச் சொல்லிப் பார்த்தார். முப்பது வருடமாகத் தன் ஒரு சத்தத்துக்கு மலைப்பாதை பஸ்களைக் கிளப்பியவருக்கு, பத்து விரல் அடங்கவில்லை. மாங்காய்க்கும் பூங்கொத்துக்கும் பக்கத்தில் கருப்பு!

கையை மடக்கி முடிச்சை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"நீ போய்ப் பாரு செல்வி" என்றார். "ரூமு போட்டிருக்கு. அவங்க ரெண்டு பேரும் கூட இருக்காங்க. நல்லாப் பார்த்துட்டு ஒரு வாரம் கழிச்சு அவங்களோட வா. நான் இதைக் கொண்டுபோய் விருமாண்டி அண்ணன்கிட்ட சேர்த்துடுறேன்."

"அப்ப நீங்க?"

முத்திருளன் வாசல் பக்கம் திரும்பினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இம்மானுவேல் இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன தாமதம் என்று கேட்கிற கை. விளாங்குடி முக்கில் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் கோட்டு சூட்டோடு ஒரு வேங்கை இன்னமும் நின்றுகொண்டிருந்தது.

"இம்மானுவேல் அண்ணன் கேப்பாக. அவருகிட்ட என்னங்க சொல்ல?" தமிழ்ச்செல்வியின் கண் நிறைந்திருந்தது.

முத்திருளன் மலையை இன்னொரு தடவை பார்த்தார், நன்றாக, வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியவரைப் போல.

"ரிவர்ஸ் எடுத்துட்டாருன்னு சொல்லு" என்றார்.

அந்தப் பெண் அதிகாரி முன்னால் நடந்து, திரும்பிப் போகிற விமானங்களின் பக்கம் வழி காட்டினார். முத்திருளன் இரண்டு கையாலும் மஞ்சள் முடிச்சை ஏந்தியபடி பின்னால் நடந்தார். எதிரே வந்த பயணிகள், என்ன ஏதென்று தெரியாமலே, பெட்டிகளை ஓரமாக இழுத்துக்கொண்டு அவருக்கு வழி விட்டார்கள்.